இனியா எந்த நாட்டுக்கு?

பெங்களூரு
9.6.2022

இனியா,

போன்ல என்னை பிளாக் பண்ணிட்ட. தபால்காரரை பிளாக் பண்ண முடியாதில்ல, அதனால எழுதறேன். இதுக்கு முன்னாடி பரீட்சைக்குத்தான் கடிதம் எழுதியிருக்கேன். தப்பு இருந்தா சிரிக்காத.

பத்தொன்பது வயசுக்குட்பட்ட இந்தியா டீம்ல என் பேரும் உன் பேரும் ஒண்ணா வந்துச்சு. நம்ம கோச் பலராமன் சார் கிரவுண்டுல இருந்த எல்லாருக்கும் ஜிலேபி வாங்கித் தந்தார். நம்ம ஊர்லேர்ந்து ரெண்டு பேர், ஒருத்தி பந்து போட, ஒருத்தி ஸ்டம்புக்குப் பின்னாடி நின்னு பிடிக்கன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனார். மறுநாள் பாஸ்போர்ட் காப்பி அனுப்பச் சொல்லி மெயில் வந்துச்சு. உனக்கு பாஸ்போர்ட் கிடைக்காதுன்னு எனக்கு அன்னைக்குத்தான்டி தெரியும். ஏழாவதுலேர்ந்து ஒண்ணா ஆடறோம். உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன். நீங்க சிலோன் முகாம்ல இருக்கீங்கன்னு தெரியும். ஆனா நீ இந்தியா இல்லன்னு எனக்கு ஒருநாளும் தோணல.

பஸ் ஸ்டாண்டுல "நீயும் போகாத"ன்னு சொன்ன. நான் பதில் சொல்லாம பஸ்ல ஏறிட்டேன். இப்ப கேக்கறேன், நான் போகலன்னா உன் பேரைத் திருப்பிச் சேர்ப்பாங்களா? சேர்ப்பாங்கன்னா சொல்லு, இன்னைக்கே பையைக் கட்டிட்டு வந்துடறேன்.

இங்க டீம் மேனேஜர் மேடம்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டேன். "சர்வதேச ரூல்ல பொறந்த நாட்டுக்கு ஆடலாம்னுதான் இருக்கு. ஆனா இந்தியாவுக்கு ஆடறவங்க கையில இந்திய பாஸ்போர்ட் இருக்கணும். நான் என்ன பண்ணட்டும்மா?"ன்னாங்க. அவங்க முகமும் சரியில்ல.

புதுப் பந்தை ஒரு பஞ்சாப் பொண்ணு போடறா. நல்லாதான் போடறா. ஆனா பந்து எங்க வரப்போவுதுன்னு எனக்குப் பிடிபடல. நீ ஓடி வரும்போதே தெரிஞ்சிடும் எனக்கு. நேத்து ரெண்டு பந்து விட்டுட்டேன்.

எழுதுடி. திட்டியாவது எழுது.

அபி


மறுவாழ்வு முகாம், அடி அண்ணாமலை
22.6.2022

அபிநயாவுக்கு,

திட்டச் சொன்ன. அதுக்குக்கூடத் தெம்பில்ல.

நீ பெங்களூருக்குக் கிளம்பின வாரம் நானும் அம்மாவும் வேங்கிக்காலுக்கு, கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். பலராமன் சார் கூட வந்தார், பேப்பர்ல வந்த என் போட்டோவை எல்லாம் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு. அங்க ஒரு ஆபீசர். ரொம்ப நல்ல மனுஷன். எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"எங்கம்மா பொறந்த?"

"திருவண்ணாமலை கவர்மென்ட் ஆஸ்பத்திரி சார்."

"அப்பா?"

"தலைமன்னார். இப்ப இல்ல."

"அம்மா?"

அம்மா அவங்களே சொன்னாங்க, "நானும் மன்னார்தான் ஐயா. தொண்ணூறில வள்ளத்தில வந்தனாங்கள்."

"அப்ப நீயும் இலங்கைதாம்மா"ன்னார்.

"நான் இலங்கையைப் பார்த்ததே இல்ல சார்"னேன்.

"தெரியும்மா. ஆனா இங்க பொறந்தா மட்டும் போதாது. உன்னைப் பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருந்திருக்கணும்." சொல்லிட்டு எழுந்து போயி, அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அதான் அபி என்னால தாங்க முடியல. விரட்டி விட்டிருந்தா கோவப்பட்டிருப்பேன். அவர் தண்ணி கொடுக்கறார், நான் யார்மேல கோவப்படறது?

நீ போனதுல உன் தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல அதே இடத்துல என்னைத் திரும்ப நிறுத்தினாலும் போகாதன்னுதான் சொல்லுவேன், அதுவும் தெரியும். அதனால இப்போதைக்கு எழுதாத.

இனியா


அடி அண்ணாமலை
18.9.2022

இனியா,

எழுதாதன்னு சொன்ன, அதான் நேர்ல வந்தேன். நீ உள்ள இருந்துக்கிட்டு வெளிய வரல. உங்கம்மாதான் ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு, பால் விடாத டீ கொடுத்து, "அவளுக்கு மனசு சரியில்லப் பிள்ளை, நீ குறை நினைக்காத"ன்னாங்க. இதை உங்க வீட்டுலயே உட்கார்ந்து எழுதி அவங்க கையிலயே தரேன். பேனாவும் உன்னுதுதான்.

மூணு மேட்ச்ல ரெண்டு ஆடினேன். நல்லா பண்ணினேன்னு சொல்றாங்க. ஊர்ல இறங்கினதும் மேளம், மாலை. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்காத குறை. கூட்டத்துல உன் தலை தெரியுதான்னு தேடிக்கிட்டே இருந்தேன். அப்பா கேட்டார், "யாரைத் தேடற?" ஆனா அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவரே, "அந்தச் சிலோன் பொண்ணு உன்னைவிட ஒரு படி ஜாஸ்திம்மா. பாவம்"னார்.

பாவம்னு சொன்னது உனக்குப் பிடிக்காது. ஆனா அவர் சொன்னதை அப்படியே எழுதிட்டேன்.

கதவுக்குப் பின்னாடிதான் நிக்கற. உன் கால் தெரியுதுடி.

அபி


மறுவாழ்வு முகாம், அடி அண்ணாமலை
5.2.2023

அபி,

அன்னைக்குக் கதவைத் திறந்திருக்கலாம். விடு.

நான் இலங்கைக்குப் போறேன். எல்லாம் முடிவாயிடுச்சு. முகாம்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. சென்னையில இலங்கைத் தூதரக ஆபீஸ்ல என் பிறப்பைப் பதிஞ்சாச்சு. அங்க போனா குடியுரிமை கொடுத்துடுவாங்க. குடியுரிமை வந்தா பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம். வவுனியாவுல எங்க பெரியம்மா இருக்காங்க, அவங்க வீட்டுல தங்கிப்பேன்.

அங்க சோத்துக்கே கஷ்டம்னு போன வருஷம் முழுக்க ஜனங்க போட் ஏறி ராமேஸ்வரத்துக்கு வந்துக்கிட்டிருந்தாங்க. எல்லாரும் இந்தப் பக்கம் வரும்போது நான் ஒருத்தி அந்தப் பக்கம் போறேன். முகாம்ல எல்லாரும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு பேசிக்கறாங்க. இருக்கலாம். ஆனா எனக்குப் பத்தொன்பது வயசாவுது. வேகமா பந்து போடறவளுக்கு இருக்கறதே பத்து வருஷம். அதை ரூல் மாறுமா மாறுமான்னு பார்த்துக்கிட்டே கழிக்க முடியாது.

அம்மா வரமாட்டேன்னுட்டாங்க. எவ்வளவோ கெஞ்சினேன். "நீ போ. விளையாடு. நான் ஒருக்கா அந்தக் கடலைத் தாண்டினது போதும்"னாங்க. வள்ளத்துல வரும்போது அவங்க தம்பி நடுவுல விழுந்துட்டானாம். அவனுக்கு எட்டு வயசு. இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட சொன்னதே இல்ல. இப்பத்தான் சொன்னாங்க, நான் ரொம்பப் பிடிவாதம் பிடிச்சதுக்கு அப்புறம்.

முகாமை விட்டுப் போனா திரும்பி வந்து இங்க இருக்க முடியாது. விசா எடுத்துக்கிட்டு விருந்தாளியாத்தான் வரணும். அம்மா பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில போடற சுண்டல் கடையை தனியாவே பார்த்துக்கறேன்றாங்க. நீ ஊர்ல இருக்கும்போது எட்டிப் பார்ப்பியா? கேக்க எனக்கு உரிமை இல்ல. இருந்தாலும் கேக்கறேன்.

ஏர்போர்ட்டுக்கு வராத. போனும் பண்ணாத. உன் குரலைக் கேட்டா அங்கேயே உட்கார்ந்துடுவேன். எழுது, போதும்.

இனியா


அடி அண்ணாமலை
29.10.2023

என் இனியாவுக்கு,

நேத்து பௌர்ணமி. கிரிவலத்துக்கு அப்படி ஒரு கூட்டம். நானும் உங்கம்மாவும் கடையில நின்னோம். என்னை இந்தியா ஜெர்சியைப் போட்டுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க, வியாபாரம் நடக்கும்னு. நிஜமாவே நடந்துச்சு. ஒரு அண்ணன் செல்ஃபி எடுத்துக்கிட்டு சுண்டல் வாங்காமலே நழுவப் பார்த்தார். "தம்பி, படம் எடுத்தா பசி ஆறுமோ?"ன்னு உங்கம்மா கேட்டாங்க பாரு, நாலு பொட்டலம் வாங்கிட்டுப் போனார்.

சாப்பாடு கம்மியாத்தான் சாப்பிடறாங்க. நடந்தா மூச்சு வாங்குது. கேட்டா "ஒண்டுமில்ல"ன்றாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ பயப்படாத.

உன் கடிதத்தை நான்தான் படிச்சுக் காட்டறேன். படிக்கத் தெரியும் அவங்களுக்கு, கண்ணாடி போட்டா நல்லாவே படிப்பாங்க. ஆனா என்னைப் படிக்கச் சொல்லிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. உன் பேச்சு என் வாய்ல கேக்குதாம்.

இந்த வருஷம் என்னைப் பெரியவங்க டீம் பக்கம் யாரும் கூப்பிடல. கீப்பர்ங்க ஏகப்பட்ட பேர். நான் மாநில டீம்லயே இருக்கேன். வருத்தம் இருக்கு, ஆனா உன்கிட்ட வருத்தப்பட்டா நீ அடிப்ப.

அடையாள அட்டை வந்துடுச்சா? சிங்களம் பேச வந்துடுச்சா?

அபி


கொழும்பு
16.3.2025

அபி,

உட்கார்ந்துக்கிட்டுப் படி. டீம்ல என் பேர் வந்துடுச்சு. வயசு டீம் இல்லடி, இலங்கைப் பெண்கள் அணி, பெரியவங்க டீம். அடுத்த மாசக் கடைசியில வெளிநாட்டு டூர். பதினஞ்சு பேர்ல கடைசிப் பேர் என்னோடது. கடைசியா இருந்தா என்ன?

குடியுரிமைக்கு அலைஞ்சது, கார்டுக்கு அலைஞ்சது எல்லாம் உனக்குத் தெரியும். போன மாசம் பாஸ்போர்ட் கைக்கு வந்துச்சு. பஸ்ல வரும்போது திறந்து திறந்து பார்த்தேன். பொறந்த இடம்னு ஒரு வரி. அதுல திருவண்ணாமலைன்னு இருக்கு. பக்கத்துல உட்கார்ந்திருந்த அக்கா, ஏன் பிள்ளை அழுறன்னு கேட்டாங்க. அவங்களுக்கு எப்படி விளக்கறது?

நான் பேசறதைக் கேட்டாலே இங்க கிளப்ல எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு 'இந்தியா'ன்னு பேர் வெச்சிருக்காங்க. "இந்தியா, பந்தை எடு", "இந்தியா, தண்ணி கொண்டு வா." கெட்ட மனசோட இல்ல, பிரியமாத்தான். அங்க பள்ளிக்கூடத்துல 'சிலோன்'னு கூப்பிட்டதும் பிரியமாத்தான். ட்ரையல்ஸ்ல செலக்டர் சிங்களத்துல ஏதோ கேட்டார். எனக்குப் புரியல, தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் பந்தைக் கொடுத்தார். அதுக்கப்புறம் எதுவும் கேக்கல.

இங்க இருக்கற கீப்பர் நல்லவ. ஆனா நான் உள்ள திருப்பற பந்துக்கு அவ எப்பவும் ஒரு அடி தள்ளி நிக்கறா.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஓம், சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. அழுதாங்களா? நீ பக்கத்துல இருந்திருந்தா எழுது. அவங்க உடம்பைப் பத்தி நீ எழுதறதும் இப்ப சுருக்கமா இருக்கு. மறைக்காதடி.

இனியா


அடி அண்ணாமலை
11.5.2025

இனியா,

போன்ல நான் பேசவும் நீ அழவுமே நேரம் போயிடுச்சு. எது எப்படி நடந்துச்சுன்னு உனக்கு யாரும் முழுசா சொல்லல. நான்தான் சொல்லணும்.

டாக்டர் சித்திரை பொறந்தப்பவே சொல்லிட்டார், இதயம் பெருசாயிடுச்சு, ரொம்ப நாள் தாங்காதுன்னு. உங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவள் விளையாடிப் போட்டு வரட்டும். அதுவரைக்கும் சொல்லாத"ன்னு சத்தியம் கேட்டாங்க. நான் பண்ணிக் கொடுத்தேன். ஒரு வாரம் காப்பாத்தினேன். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு உனக்கு போன் பண்ணிட்டேன். என்னால முடியல. நாளைக்கு நீ என்கிட்ட, ஏன்டி சொல்லலன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பதில் சொல்லுவேன்?

டூர் விசாவுக்குக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டை, இங்க வர விசா கேக்கணும்னு நீ திருப்பி வாங்கிட்டன்னும், டீம்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்கன்னும் பெரியம்மா போன்ல சொன்னாங்க. கட்டில்ல படுத்திருந்த உங்கம்மா காதுலயும் அது விழுந்துடுச்சு. ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்துட்டு என்னைப் பார்த்தாங்க. "ஏன் பிள்ளை சொன்னனீ? அவளை ஏன் வரச் சொன்னனீ?" அவ்வளவுதான் கேட்டாங்க. ரெண்டு நாள் என்கூடப் பேசல. நான் கஞ்சி கொடுத்தா வாயை மட்டும் திறப்பாங்க.

மூணாம் நாள் அவங்களே பேசினாங்க. "விசா கிடைச்சிட்டுதோ?" "கேட்டிருக்கா, முன்னாடி முகாம்ல இருந்தவங்கன்றதால விசாரிச்சுத்தான் கொடுப்பாங்களாம்"னேன். "அவள் இங்கதான பிறந்தவள். அவையளுக்குத் தெரியாதோ?"ன்னு கேட்டாங்க. தெரியும்மா, கொடுத்துடுவாங்கன்னு சொன்னேன்.

மறுநாள் காலையில, நான் தலை சீவி விட்டுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாங்க. கஷ்டப்படல. சீப்பு பாதியில நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

உனக்காகக் காத்திருக்கலாம்னு முகாம்ல எல்லாரும் சொன்னாங்க. விசா எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. வெயில் காலம். நீதான் போன்ல, "எடுத்துடுங்க"ன்ன. வீடியோ போடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்ட.

கொள்ளி யாரு வைக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. நான் வைக்கறேன்னேன். எங்கப்பா என்னைத் தனியா கூப்பிட்டு, "நான் உசுரோட இருக்கும்போது நீ யாருக்கும்மா கொள்ளி வைக்கற? ஊர்ல என்ன பேசுவாங்க?"ன்னு சத்தம் போட்டார். "இனியா இருந்தா அவ வெச்சிருப்பா. அவ இல்ல"ன்னேன். கோவத்துல எழுந்து போயிட்டார். சுடுகாட்டுக்குப் போனா அங்க எங்களுக்கு முன்னாடி வந்து, கட்டையெல்லாம் சரி பண்ணிக்கிட்டு நின்னார். குடத்தை என் தோள்ல அவர்தான் தூக்கி வெச்சார்.

நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா நீ இப்ப அங்க ஆடிக்கிட்டு இருந்திருப்ப. அம்மா முகமும் இல்லாம ஆட்டமும் இல்லாம பண்ணிட்டேன் உன்னை. என்னை என்ன வேணா சொல்லு. ஆனா பிளாக் மட்டும் பண்ணிடாத.

அஸ்தி எங்க வீட்டுலதான் இருக்கு. ராமேஸ்வரத்துக்குக் கொண்டு போகணும்னு முகாம்ல பெரியவங்க சொல்றாங்க. கடல்ல கரைச்சா அவங்க மண்ணுக்கே போய்ச் சேருமாம். நீ சொல்ற மாதிரி செய்யறேன்.

விசா வந்தா எங்க வீட்டுக்கு வா. அப்பா உனக்குன்னு ஒரு அறைக்கு வெள்ளை அடிச்சு வெச்சிருக்கார். நான் கேக்கல, அவரே பண்ணினார்.

அபி


வவுனியா
2.6.2025

அபி,

உன் கடிதத்தை ஒரே மூச்சுல படிக்க முடியல. சீப்புன்ற இடத்துல நிறுத்திட்டு வெளிய போயிட்டேன். அப்புறம் வந்து படிச்சேன்.

நீ சொன்னது சரிதான்டி. நீ சொல்லாம, நான் ஆடி முடிச்சிட்டு வந்து தெரிஞ்சிக்கிட்டிருந்தா, என் வாழ்நாள் பூரா உன்னை மன்னிச்சிருக்க மாட்டேன். இப்ப ஆட்டம் போனதுக்கும் யாரும் காரணம் இல்ல. பாஸ்போர்ட்டைக் கொடுங்கன்னு நான்தான் கேட்டேன். மேனேஜர், "எடுத்தா டூர் கிடையாது, யோசிச்சியா?"ன்னார். யோசிக்கல. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அம்மா கேட்டா அடிச்சிருப்பாங்க, ஆனா அது உண்மை.

எனக்குப் பதிலா ஒரு பொண்ணைச் சேர்த்தாங்க. முதல் மேட்ச்லயே மூணு விக்கெட். பெரியம்மா வீட்டு டிவியில பார்த்தேன். நல்ல பந்துங்க. அடுத்த தடவை பார்க்கலாம்னு செலக்டர் சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணு இப்படியே போட்டா அடுத்த தடவைன்னு ஒண்ணு வராது. அவமேல பொறாமைப்படக்கூட எனக்கு வரல. கொழும்புக்குத் திரும்பிப் போவேன்னு நினைக்கறேன். என்னைக்குன்னு தெரியல. பந்தைக் கையில எடுத்தா கை சும்மா கிடக்குது.

விசா வந்துடுச்சு. போன வாரம். சுற்றுலா விசா, ஒரு மாசத்துக்கு. இந்தியாவுல எங்க தங்குவீங்கன்னு கேட்டிருந்தாங்க. முகாம்ல தங்க எனக்கு இனிமே அனுமதி இல்ல. எங்க வீட்டை வேற குடும்பத்துக்குக் கொடுத்திருப்பாங்க. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கற வெள்ளைக்காரங்களும் நானும் ஒண்ணுதான் இப்ப. உங்கப்பா அறைக்கு வெள்ளை அடிச்சதைப் படிச்சப்ப அடுத்த பஸ்ஸே ஏறிடலாம் போல இருந்துச்சு. அவர் கால்ல விழுந்தேன்னு சொல்லு. ஆனா நான் வரல அபி. அம்மா இல்லாத ஊரை, நான் பொறந்த ஊரை, சுத்திப் பார்க்க வந்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு வர எனக்கு மனசு வரல. ஒருநாள் வரும். அப்ப வரேன்.

அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டு போகாத. பெரியவங்க சொன்னா நான் வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லு. அந்தக் கடல்ல அவங்க தம்பி போயிட்டான். அதைத் திரும்பத் தாண்ட மாட்டேன்னு என்கிட்டயே சொன்னாங்க. அதுல அவங்களைத் தனியா விட்டுடாத. சாத்தனூருக்குக் கொண்டு போ. தென்பெண்ணையில, தண்ணி ஓடற இடமாப் பார்த்து, நீயே உன் கையால கரைச்சிடு. முப்பத்தஞ்சு வருஷம் நம்ம ஊர்ல வாழ்ந்தாங்க. அகதின்ற பேரோடயே செத்தாங்க. அந்த ஆறு அவங்களை எங்க பொறந்தீங்கன்னு கேக்காது.

எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த ஊர்க்காரங்களா ஆகட்டும்.

இனியா